சுவரில் தொங்கும் மான் தலையின் வரலாறு

பழைய வீடுகள் சிலவற்றின் மண்டபச் சுவரில் பாடம் செய்த மான் தலையை இன்றும் காண்கிறோம். பெருநாள் நெருங்கினால் ஒட்டடையோடு அதையும் சேர்த்துத் தட்டிவிடுகிறோம். சிறு பிள்ளைகளும் தடவிப் பார்க்கிறார்கள். அதன் வரலாறு தெரிந்தால் அப்படிச் செய்யமாட்டோம்.

முன்பெல்லாம் பாடம் செய்த உயிரினங்களைப் பூச்சிகள் விரைவிலேயே அரித்துவிடும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகர மருந்து தயாரிப்பாளர் பெக்கூர் இதற்கு வழி கண்டார். ஆசனிக், கற்பூரம், சுண்ணாம்பு முதலியவற்றைச் சவர்க்காரத்தோடு கலந்து தோலின் உட்புறம் பூசினார். 1777இல் இறக்கும்வரை செய்முறையை இரகசியமாகவே வைத்திருந்தார். பின்னர் அது வெளியாகி, உலகெங்கும் நூதனசாலைகளுக்குப் பரவியது. 20ஆம் நூற்றாண்டிலும் பாவனையில் இருந்தது.

ஆசனிக் காலம் சென்றாலும் நஞ்சாகவே இருக்கும். தோல் வெடித்தால் தூசியோடு வெளிவரும். பார்வையால் கண்டறிய முடியாது.

ஆகவே, பழையதென்றால் நஞ்சுள்ளதாகவே கருதுவோம். கையுறை, முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் முடி படிந்த திசையில் மெதுவாகத் துடைப்போம். ஈரத்துணி வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். வெயிலும் வேண்டாம், நிறம் மங்கும். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுவோம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவைப்போம்.