அடியால் அளந்த ஆசிரியர்

காவிரி பாயும் நம் நாட்டில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. கும்பகோணத்தினின்று கிழக்கே கடல் வரையில் நடப்பவன் கண்ணுக்கு வயலும் வரப்பும் தென்னையும் மூங்கிற்புதரும் அன்றி வேறு தடை இல்லை. இராசராச சோழன் எடுப்பித்த பெரிய கோயிலே நமக்கு மலை. அதனை மெய்யாகவே மலையாகக் கொண்டவர் ஒருவர் இருந்தார். 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயரே அவர். உயர்ந்த இடத்தில் நின்று தொலைவிடங்களை நோக்கிக் கோணம் அளப்பது அவர் முறை. 1808இல் தஞ்சைக்கு வந்தவர், குன்று காணாமையால், அரை டன் எடையுள்ள தியோடலைட்டு என்னும் கருவியைக் கோயிலின்மீது கயிற்றால் ஏற்றுவித்தார். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் மனந்தளராது அதனைச் செப்பனிட்டுக்கொண்டு மேற்சென்றார்.

அவ்வளவை அவருக்குப் பின் வந்தோர் கையில் வடக்கு நோக்கி வளர்ந்து இமயத்தை எட்டியது. எவரெஸ்டுச் சிகரம் 29,002 அடி உயரம் என்று 1856இல் அறிவித்தனர். ஆனால் மலைக்கு அப்பால் உள்ள திபெத்து நாட்டுக்குள் ஐரோப்பியர் எவரும் புகலாகாது என்று அந்நாளில் தடை இருந்தது. அரை டன் கருவியைச் சுமந்து செல்ல யாரால் இயலும்? அவ்விடத்தே கருவிக்கு மாறாகத் தம் இரண்டு கால்களைக் கொண்டு சென்றவர் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும், சிறப்பாக அவர்தம் வீட்டுப் பிள்ளைகளும் அறிதல் வேண்டும் என்று கருதி இதனை வரையலானேன்.

நைன் சிங் ராவத் என்பது அவர் பெயர். குமாவூன் மலைநாட்டில், ஜோகார்ப் பள்ளத்தாக்கிலுள்ள மிலம் என்னும் ஊரில் 1830இல் பிறந்தார். அவ்வூரார் கோடைதோறும் கணவாய் கடந்து திபெத்தியரோடு உப்பும் கம்பளி மயிரும் வாணிகம் செய்த குடியினர். ஆதலின் அந்நாட்டு மொழியும் வழக்கமும் அவருக்கு இளமையிலேயே பழக்கமாயின. 1855 முதல் 1857 வரையில் ஷ்லாகின்ட்வைட் என்னும் செருமானியச் சகோதரரோடு மலைப்பயணம் செய்து, பின்னர்த் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியரானார். அதனாலேயே ‘பண்டிதர்’ என்னும் பெயர் அவரைப் பற்றியது. நம் பக்கத்தில் பண்டிதர் என்றால் இலக்கணமும் இலக்கியமும் கற்றவரையே கருதுவோம். இவர் கற்கச் சென்ற இலக்கணம் வேறு.

1863இல் அவரும் அவர் உறவினர் மணி சிங்கும் தேராதூனுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே மான்ட்கோமரி என்னும் படைத்தலைவர் மேற்பார்வையில் அவர்கள் கற்ற முதற்பாடம் நடத்தல். மேடாயினும் பள்ளமாயினும் பனியாயினும் ஒவ்வோர் அடியும் ஒரே நீளமாக விழுதல் வேண்டும். ஒரு மைலுக்கு ஏறத்தாழ 2,000 அடி. பௌத்தர் செபமாலையில் 108 மணி உண்டு. இவர் மாலையில் 100 மணியே கோத்திருந்தனர். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது ஐந்து மைல் ஆயிற்று. நம் களங்களில் மரக்காலால் நெல் அளந்த நாளில், ஒன்று என்னாது ‘லாபம்’ என்று தொடங்கி உரக்கக் கூவி எண்ணினர். பிசகினால் அருகில் நிற்பவர் எடுத்துக் கொடுத்தனர். இவரோ உதட்டில் மந்திரமும் உள்ளத்தில் எண்ணிக்கையுமாக மாதக்கணக்கில் நடந்தார். எடுத்துக் கொடுப்பார் ஒருவரும் இலர்.

மந்திரத் தாள் இருக்கவேண்டிய சுழல் உருளைக்குள் அவர்தம் குறிப்புத் தாள்கள் இருந்தன. கைத்தடியில் வெப்பமானி, பெட்டியின் பொய்யடித்தட்டில் விண்மீன் உயரம் அளக்கும் கருவி, சோழிகளுக்குள் பாதரசம். இரவில் அப்பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினால் அசைவற்ற கண்ணாடிபோல் நிற்கும். அதில் விண்மீன் நிழல் நோக்கி அகலாங்கு கணித்தார். உயரம் அறியவோ வெந்நீர் போதும். தஞ்சையில் 212 பாகையை ஒட்டிக் கொதிக்கும் நீர், 12,000 அடி உயரத்தில் 190 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே சோறு சமைக்க நம் வீட்டுப் பெண்கள் பட வேண்டிய பாட்டை எண்ணிப் பார்க்க!

1865இல் நேபாளத்துக் காட்மாண்டு வழியாகப் புகுந்தார். எல்லைக் காவலர் ஒருமுறை திருப்பியனுப்பினர். மணி சிங் பிரிந்து வேறு வழி சென்றார். இவர் வணிகர் வேடம் பூண்டு மீண்டும் முயன்று உட்சென்றார். ஷிகாட்சேயில் பாஞ்சன் லாமாவைத் தரிசிக்க நேர்ந்தபோது அவர் நெஞ்சம் நடுங்கியது. மக்கள் மனத்தை உள்ளவாறே அறிபவர் லாமா என்பது அவர் இளமையிற் கேட்டது. கண்டதோ பதினொரு வயதுச் சிறுவர். உங்கள் அரசர் நலமா, நாடு செழிப்பா, உமக்கு உடல்நலம் உண்டா என்று கேட்டதோடு விடுத்தார்.

1866 சனவரியில் லாசா அடைந்து ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். கைப்பொருள் குறையவே, வணிகருக்குக் கணக்கு முறை கற்பித்துப் பிழைத்தார். வேடம் எதுவாயினும் வயிற்றைக் காத்தது ஆசிரியத் தொழிலே என்பதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி. இசைவின்றி ஊர்புகுந்த சீனர் ஒருவர் தெருவில் தலை வெட்டப்பட்டதை அங்கே கண்டார். அதன்பின் வெளியே நடமாடுதலைக் குறைத்துக்கொண்டார். அவர் கணித்த லாசாவின் அகலாங்கு 29 பாகை 39 கலை. உயரம் 11,700 அடி. இக்காலக் கணக்கு உயரத்தை ஏறத்தாழ 12,000 அடி என்கின்றது. அகலாங்கில் பிழை காண்பது அரிது. 1,200 மைலை 25 இலக்கம் அடியாக எண்ணி, அவ்வாண்டு அக்டோபரில் தேராதூன் மீண்டார்.

1867இல் 16,000 அடிக்கு மேலுள்ள தோக் ஜாலுங் பொற்சுரங்கங்களைக் கண்டுவந்தார். 1874இல் லே நகரிலிருந்து வடபுல வழியாக லாசா சென்று, அடையாளம் காணப்பட்டார் என்ற அச்சத்தால் இரண்டே நாளில் வெளியேறித் தவாங்கில் தடுத்துவைக்கப்பட்டு, 1875 மார்ச்சில் அசாமில் வந்து சேர்ந்தார். 1,300 மைலுக்கு மேற்பட்ட நடை. கண்பார்வை குன்றியது.

வேடமிட்டுப் பிறர் நாட்டை வேவு பார்த்தது வஞ்சகம் அன்றோ என்று வினவுவார் உளர். அவ்வினாவை யாம் மறுக்கமாட்டோம். தம் வாயிலை அடைத்துவைக்கத் திபெத்தியருக்கு உரிமை உண்டு. 1904இல் ஆங்கிலப் படை லாசாவுள் புகுந்ததும் சரித்திரம். எனினும் வழிப்போக்கரிடம் பொய்யுரைத்த அவர், தாளில் ஓர் அடியேனும் கூட்டியோ குறைத்தோ எழுதினாரல்லர். அவர் எழுதியதைச் சரிபார்க்க ஒருவரும் அங்கே செல்ல இயலாதென்பதை நினைக்க, அந்நேர்மை பெரிதாகவே தோன்றுகின்றது.

முதற்பயணத்தின் அறிக்கையை இலண்டனில் வெளியிட்டபோது அவர் பெயர் மறைக்கப்பட்டது. ‘பண்டிதர்’ என்றே உலகம் அறிந்தது. மறைத்தது அவர் உயிர்காக்கவேயாம். பயணங்கள் முடிந்தபின் 1877இல் இலண்டன் அரச புவியியற் கழகம் தன் பொற்பதக்கத்தை அவர் பெயருக்கே அளித்தது. நம் அஞ்சல் துறை 2004இல் அவர் உருவந்தாங்கிய தலை வெளியிட்டது.

நடை ஓய்ந்த பின்னரும் அவர் ஆசிரியராகவே இருந்து, அளவை கற்க வந்தோரைப் பயிற்றினார். அவ்வாறு பயின்றவருள் உறவினராகிய கிஷன் சிங் ஒருவர். 1878இல் புறப்பட்டு நான்காண்டு அலைந்த அவரை, வழியிற் கள்வர் அச்சத்தால் உடன்வந்தவர் குதிரைமேல் ஏற்றிவிட்டனர். தம் அடியை எண்ண வழியின்றிப் போகவே, அவர் குதிரையின் முன்னங்கால் விழுந்த அடிகளை எண்ணிக்கொண்டு ஏறத்தாழ 230 மைல் சென்றார்.