24க்கு 36: ஒரு ஃபிலிம் அளவின் கதை

டிஜிட்டல் கேமரா லென்ஸ்களை ஒப்பிட இன்றும் பயன்படும் அளவு, ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் பிறந்தது. அங்கே லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பர்னாக், முதல் உலகப் போருக்குச் சற்று முன் 35 மி.மீ. சினிமா ஃபிலிமைச் சிறிய கேமராவில் பொருத்தினார். சினிமாவில் ஃபிலிம் செங்குத்தாக ஓடும். ஒரு சட்டம் (ஃபிரேம்) 18க்கு 24 மி.மீ. பர்னாக் ஃபிலிமைக் கிடையாக ஓட்டி, இரண்டு சட்டங்களின் இடத்தை ஒன்றாக்கினார். 24க்கு 36 என்ற அளவு அப்படித்தான் வந்தது. 1925இல் அந்தக் கேமரா லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபின் இந்த அளவு மெல்ல உலகெங்கும் பரவியது. 50 மி.மீ. லென்ஸில் எவ்வளவு காட்சி அடங்கும் என்பது புகைப்படக்காரர்களுக்கு மனப்பாடமாயிற்று.

டிஜிட்டல் காலம் இந்தப் பழக்கத்தைக் குலைத்தது. பெரிய சென்சார் செய்யச் செலவு மிக அதிகம். 1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவின் சென்சார் சுமார் 16க்கு 24 மி.மீ.தான். பழைய லென்ஸைப் பொருத்தினால் பிம்பத்தின் ஓரங்கள் சென்சாருக்கு வெளியே விழுந்தன. பழைய சட்டத்தின் மூலைவிட்டமான 43.3 மி.மீ.யைச் சென்சாரின் மூலைவிட்டத்தால் வகுத்தால் கிடைப்பது கிராப் ஃபேக்டர். டி1க்கு அது 1.5, இன்னும் சிறிய சென்சார் கொண்ட ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களுக்கு 2. எனவே டி1இல் 50 மி.மீ. லென்ஸ், 75 மி.மீ. லென்ஸின் காட்சியைத் தந்தது. இந்த 75தான் சமானக் குவியத் தூரம்.

லென்ஸின் உண்மையான குவியத் தூரம் மாறுவதே இல்லை. குறுகுவது காட்சிக் கோணம் மட்டுமே. தொலைவிலுள்ள பறவைகளைப் படமெடுப்போருக்கு இந்தக் குறுகல் வரமானது. அகலக் காட்சி தேடியோருக்கோ பெரும் இழப்பு: அவர்களுடைய 24 மி.மீ. லென்ஸ் 36 போல நடந்துகொண்டது. 2002இல் கேனன் இஓஎஸ் 1டிஎஸ் 24க்கு 36 அளவுள்ள முழுச்சட்ட சென்சாருடன் வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது, விலைதான் எட்டாத உயரத்தில் இருந்தது.