சயாம் மரண இரயில்பாதை: நாவல்வழி வரலாறு கற்றல்

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தை மாணவர் பலர் ஆண்டுகளாகவும் படைத்தலைவர் பெயர்களாகவும் மனனம் செய்தே வகுப்பிற்கு வருகின்றனர். சயாம்–பர்மா இரயில்பாதையைப் பற்றிச் சிறிது அறிந்தோரும் அதனை 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் திரைப்படத்தின் வழியே அறிந்தவராக உள்ளனர். அப்படத்திற்கு மூலமான நாவலை 1952இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய பியேர் பூல், போருக்கு முன் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். பால்மரம் வெட்டிய தமிழரை அருகிருந்து கண்டிருக்கக்கூடிய அவர் எழுதிய கதையின் நடுவில் நிற்போரோ பிரிட்டானியப் போர்க் கைதிகள். இதனை நாம் அவர்மீது குற்றமாகச் சுமத்தவில்லை. எனினும் தம் கொள்ளுப்பாட்டன்மார் சென்று மடிந்த இடத்தை நம் மாணவர் பிறர் கதையின் வழியாகக் காண்கின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

சயாமின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளும் இப்பாதையின் பணி 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் நிறைவுற்றது. இதில் ஈடுபடுத்தப்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 12,000க்கும் அதிகமானோர் இறந்தனர். மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவானியர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரின் தொகையை 180,000 என்பாரும் உளர். 250,000க்கும் மேல் என்பாரும் உளர். மாண்டோர் தொகை 90,000 அளவில் இருக்கலாம் எனப் பலரும் கணிக்கின்றனர். இவ்விரு வகைக் கணக்குகளையும் அருகருகே வைத்துக் காட்டுவதே மாணவர்க்கு முதற்பாடமாக அமைகின்றது. ஒரு சாராரின் சாவு பெயரளவில் பதிவாகியுள்ளது. மற்றொரு சாராரின் சாவு பல்லாயிரக்கணக்கில் கூடியும் குறைந்தும் மதிப்பிடப்படுகின்றது. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகள் துயிலும் கல்லறைத் தோட்டம் நன்கு பேணப்படுகின்றது. தொழிலாளருக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இல்லை.

இவ்வேற்றுமைக்குக் காரணம் தேடுமிடத்து எழுத்தறிவு என்பது முன்வந்து நிற்கின்றது. போர்க் கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், ஒளித்து வைத்தேனும் நாட்குறிப்பு எழுதியோர் இருந்தனர். தாயகம் திரும்பியபின் அவர்கள் எழுதிய நினைவு நூல்கள் பலவாகும். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோர்க்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை. மீண்டு வந்தோர் வாய்மொழியாகச் சொன்னதும் லயத்து வாசலைத் தாண்டிச் சென்றது அரிது. ஆகவேதான் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகிய நாவல்கள் நமக்கு முதன்மை பெறுகின்றன. பாதை நிறைவுற்று ஐம்பதாண்டு கழிந்தே முன்னது நூலாயிற்று என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

இந்நாவல்களை மாணவரோடு சேர்ந்து படித்த வேளைகளில் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் விவாதம் முளைத்தது. ஜப்பானியரின் கொடுமையைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதனை விரைவிற் கடந்துவிட்டனர். ஆனால் ஆள் பிடித்தது எவ்வாறு என்ற வினா எழுந்தபோதுதான் வகுப்பு இரண்டுபட்டது. போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலையில்லை, அரிசி கிட்டாமல் மரவள்ளிக்கிழங்கை உண்டு, சாக்கை உடுத்திய காலம் அது. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்ற அறிவிப்பை நம்பிச் சிலர் தாமே சென்றனர். சென்றவர் திரும்பாமையைக் கண்டு பிறர் பின்வாங்கவே, வலுக்கட்டாயம் தொடங்கிற்று. இத்தனை பேர் வேண்டும் எனத் தோட்டத்திற்கு ஆணை வரும். அந்த எண்ணிக்கையைப் பெயர்களாக மாற்றும் பொறுப்பு கிராணிமார், கங்காணிமார் கையில் வந்து விழுந்தது.

அக்கிராணி துரோகியா என்பதே மாணவர் எழுப்பிய வினா. தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாரும் 'ஆம்' என்றனர். பின்னர் ஒரு மாணவி, 'அவர் எழுத மறுத்திருந்தால் பட்டியலில் முதற்பெயர் யாருடையது?' என வினவினார். வேறொருவர், 'பட்டியலில் தம் உறவினர் பெயரை விட்டுவிட்டு நாதியற்றவர் பெயரை எழுதியிருந்தால்?' என்றார். அச்சம், பற்று, சாதி, பழைய பகை, கடன் ஆகிய யாவும் ஒரு தாளில் பெயராய் இறங்கக்கூடும் என்பதை அவர்கள் தாமாகவே கண்டடைந்தனர். எமது விரிவுரை எதுவும் அவர்களை அவ்விடத்திற்கு இட்டுச் சென்றிராது. கொடுங்கோன்மை வெளியிலிருந்து வந்தாலும் அது நடைபெறுவதற்கு உள்ளூர்க் கைகள் தேவைப்படுகின்றன. அக்கைகளுக்கு உரியவரை மனிதராகக் காணும் வாய்ப்பை நாவல் தருகின்றது.

ஆயினும் நாவலை அப்படியே சான்றாகக் கொள்வதில் இடரும் உண்டு. கதைமாந்தர் பேசிய ஓர் உரையாடலை வரலாற்றுக் கூற்றாகவே எடுத்தாண்ட ஒப்படைப்புகள் எம்மிடம் வந்துள்ளன. ஆகவே ஒரு நிகழ்ச்சியைப் படித்தவுடன், பதிவுகளிற் கிடைக்கும் அதனையொத்த நிகழ்ச்சியை அருகில் வைக்கச் சொல்வதை வழக்கமாக்கினோம். 1943 மே மாதம் மழையோடு வந்த வாந்திபேதி அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. காய்ச்சிய நீர், கழிப்பிட ஒழுங்கு ஆகியவற்றைக் கைதிகள் முகாம்களில் இராணுவ மருத்துவர்கள் இயன்றவரை வற்புறுத்தினர். தொழிலாளர் முகாம்களில் அதனைச் சொல்லித்தர ஆளில்லை. சாவு விகிதத்தின் வேறுபாட்டிற்கு இதுவும் ஒரு காரணம். பதிவு இக்காரணத்தைச் சொல்கின்றது; பக்கத்தில் கிடப்பவன் உயிரோடிருக்கும்போதே அவனை விட்டு விலகிப் படுக்க நேர்ந்தவனின் மனத்தை அது சொல்வதில்லை.

இறுதியாக, வீட்டில் முதியோர் ஒருவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டு வருமாறு மாணவரைப் பணித்தோம். பலர் வெறுங்கையோடு திரும்பினர். அறிந்தவர் மறைந்துவிட்டனர். ஒரு மாணவர் மட்டும் தம் பாட்டி கூறியதை எழுதி வந்தார். பாட்டியின் தந்தையைக் குறித்து அவ்வீட்டில் 'இறந்தார்' என்ற சொல்லை எவரும் ஆண்டதில்லையாம். 'சயாமுக்குப் போனார்' என்பதே வழக்கு. இறந்த நாள் தெரியாமையால் ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று படையல் இடுகின்றனர். குடும்ப மரம் வரைந்த தாளில் பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு என இரு கட்டங்கள் இருந்தன. இரண்டாவதில் என்ன எழுதுவது என்று அம்மாணவர் எம்மிடம் கேட்டார். பாட்டி சொன்ன சொல்லையே எழுதும்படி கூறினோம்.