இருட்டறைக்கு ஒரு சன்னல்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மன்ஹாட்டன் தீவின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஆர்ச்சர்டு தெரு என்று ஒரு தெரு உண்டு. அத்தெருவின் 97ஆம் எண் கட்டடம் இன்று ஓர் அருங்காட்சியகம். அரசர்களின் வாளோ மணிமுடியோ அங்கே இல்லை. வாடகைக்குக் குடியிருந்த ஏழை எளியவர்களின் அறைகளே அங்குள்ள காட்சிப் பொருள்கள். அவ்வறைகளுக்குள் நுழைகிற எவருக்கும் ஒன்று வியப்பூட்டும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு சன்னல் இருக்கிறது. மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட முறையான சன்னல்தான். ஆனால் அதன் வழியே எட்டிப் பார்த்தால் தெரு தெரியாது, வானமும் தெரியாது. பக்கத்து அறைதான் தெரியும்!

வீட்டுக்குள்ளேயே பார்க்கும் சன்னலை யாராவது வைப்பார்களா? வைத்தார்கள். சட்டம் கட்டாயப்படுத்தியதால் வைத்தார்கள். அந்தச் சட்டம் வருவதற்கு முன் ஏறத்தாழ 40 ஆண்டுகள் மருத்துவர்கள், கட்டடக் கலைஞர்கள், வீட்டுக்காரர்கள், அரசியல்வாதிகள் ஆகியோரிடையே நடந்த போராட்டம் சுவையானது. கொஞ்சம் கசப்பானதும்கூட.

முதலில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 25 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள ஒரு மனையை வரையுங்கள். நியூயார்க் நகரின் மனைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு குடும்பம் வாழ இது தாராளம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினர். பின்னர் இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் வந்தனர். துறைமுகத்துக்கும் தொழிற்கூடங்களுக்கும் நடந்து செல்லும் தொலைவில் அத்தனை பேருக்கும் இடம் வேண்டியிருந்தது. எனவே அதே மனையில் ஐந்து, ஆறு தளங்களை எழுப்பி, தளத்துக்கு நான்கு குடித்தனம் வைத்து வாடகைக்கு விட்டார்கள். நம் ஊரில் ஒண்டுக்குடித்தனம் என்போமே, அதை நெட்டுக்குத்தாக அடுக்கியதுபோல் எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். மனையின் இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். வெளிச்சம் வர முன்புறம் தெருவும் பின்புறம் சிறு கொல்லையும்தான் உண்டு. ஆர்ச்சர்டு தெரு வீடு 1863இல் கட்டப்பட்டது. அதில் ஒரு குடித்தனத்துக்கு மூன்று அறைகள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 325 சதுர அடிதான். முதல் அறைக்கு மட்டுமே வெளியே திறக்கும் சன்னல் இருந்தது. நடுவிலுள்ள சமையலறைக்கும் அதற்கப்பால் படுக்கும் அறைக்கும் சன்னலே கிடையாது. பகலிலும் விளக்கேற்ற வேண்டும். கழிப்பிடங்களோ கொல்லையில் இருந்தன. ஐந்தாம் தளத்துக் கைக்குழந்தைக்காரி ஒவ்வொரு முறையும் படியிறங்கிப் போய்வர வேண்டியதுதான்.

இத்தகைய வீடுகளில் என்ன நேரும் என்பதை நகரம் விரைவிலேயே கண்டுகொண்டது. 1860ஆம் ஆண்டு எல்ம் தெருவில் இத்தகைய கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. ஒரே மரப்படிக்கட்டு தீயில் சிக்கிக்கொள்ள, மேல்தளங்களில் இருந்தவர்களுக்கு இறங்க வழியில்லாமல் போயிற்று. 1865இல் மருத்துவர் குழு ஒன்று நகரை வட்டம் வட்டமாகப் பிரித்து, வீடு வீடாகச் சென்று ஆய்ந்து, பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மறு ஆண்டு காலரா வந்தது. அவ்வாண்டிலேயே நகருக்கு ஒரு சுகாதார வாரியமும் வந்தது. 1867இல் வாடகைக் குடியிருப்புகளுக்கென்று முதல் விரிவான சட்டம் இயற்றப்பட்டது. தீவிபத்தில் தப்பிச் செல்லப் படிகள் வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிப்பிடமாவது வேண்டும். உறங்கும் அறைக்குக் காற்று வர ஏதேனும் ஒரு திறப்பு வேண்டும். அது கேட்டது இவ்வளவே.

அக்கால மருத்துவர்கள் கிருமிகளை அறியார். அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்களுக்குக் காரணம் என்று நம்பினர். காலராவைப் பொறுத்தவரை இது தவறு. அது நீரின் வழியே பரவுவது. எனினும் காற்றோட்டம் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதில் பிழையில்லை. தவறான காரணத்திலிருந்து சரியான முடிவுக்கு வருவது அறிவியல் வரலாற்றில் புதிதன்று! வாரியத்தின் ஆணைப்படி 1869இல் மட்டும் 46,000க்கும் மேற்பட்ட சன்னல்கள் உள்ளறைகளில் வெட்டப்பட்டனவாம். ஆனால் அவற்றுள் பல இருண்ட நடைவழிகளில் திறந்தன. இருட்டுக்குள் சன்னல் வெட்டினால் வருவதும் இருட்டுத்தானே!

இனிமேல்தான் கதையின் விந்தையான பகுதி. 1878இன் இறுதியில், குழாய்ப் பணியாளருக்கும் சுகாதாரப் பொறியாளருக்குமான ஒரு பத்திரிகை போட்டி ஒன்றை அறிவித்தது. 25 அடிக்கு 100 அடி மனையில், குடியிருப்பவருக்கு நலமும் வீட்டுக்காரருக்கு ஆதாயமும் தரும் கட்டட வரைபடம் வேண்டும்.  ஏறத்தாழ இருநூறு வரைபடங்கள் வந்து குவிந்தன. ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞர் பரிசு பெற்றார். கட்டடத்தின் நடுப்பகுதியை இரு பக்கமும் சற்றே குடைந்து இடுப்புபோல் ஒடுக்கிவிட்டார் அவர். அடுத்த வீடும் அவ்வாறே ஒடுங்கினால் இரண்டுக்கும் இடையே ஒரு திறந்த இடைவெளி கிடைக்கும். உள்ளறைகளின் சன்னல்களை அதில் திறந்துகொள்ளலாம். மேலிருந்து பார்க்க உடற்பயிற்சிக்குத் தூக்கும் டம்பெல் போலிருந்ததால், இவ்வகை வீடுகளுக்கு டம்பெல் வீடு என்றே பெயர் வந்துவிட்டது. அந்த இடைவெளியை நாம் காற்றுக்கிணறு என்று அழைத்துக்கொள்வோம்.

பரிசளித்த நடுவர்களுக்கே மனநிறைவு இல்லை. இந்த மனையளவில் உடல்நலத்துக்கு ஏற்ற வீடு கட்டவே இயலாது என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஆனாலும் 1879இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வோர் அறைக்கும் வெளியே திறக்கும் சன்னல் வேண்டும் என்றது அது. தெரு, கொல்லை, காற்றுக்கிணறு மூன்றுமே சட்டத்தின் கண்ணில் 'வெளி'தான்! அடுத்த 20 ஆண்டுகளில் டம்பெல் வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன.

அந்தக் கிணற்றின் அளவைப் பாருங்கள். வீட்டுக்காரர் விட வேண்டிய அகலம் தம் பக்கத்தில் ஏறத்தாழ 28 அங்குலம். இரு வீடும் சேர்ந்தாலும் ஐந்து அடிக்குக் குறைவு. ஆழமோ 60 அடிக்கு மேல். இங்கே சற்றுக் கணக்குப் போடலாம். நமக்கு ஆண்டில் இருமுறை சூரியன் நண்பகலில் தலைக்கு நேர்மேலே வரும். நியூயார்க் அமைந்திருப்பது வட அட்சரேகை 41 பாகைக்குச் சற்றுக் கீழே. அங்கே கோடையின் மிக நீண்ட நாளிலும் சூரியன் 73 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. கிணற்றின் குறுக்கே அக்கோணத்தில் விழும் கதிர், ஐந்து அடி அகலத்தைக் கடப்பதற்குள் 16 அடிதான் கீழே இறங்கும். அதாவது, மேலிருந்து ஒன்றரைத் தளம்! அதுவும் ஜூன் மாத நண்பகலில். கீழ்த்தளங்களுக்குக் கிட்டியது சுவரில் பட்டுப் பட்டு மங்கிய ஒளியே.

காற்றாவது வந்ததா? கிணற்றின் அடியில் காற்று நுழைய வழியில்லை. அடியில் வழியும் மேலே வாயும் இருந்தால்தானே காற்று ஓடும்? ஆகவே கிணற்றில் காற்று தேங்கிக் கிடந்தது. படியிறங்க அலுத்தவர்கள் குப்பையை அதற்குள் கொட்டினர். நாற்றம் தாங்காமல் சன்னல்களை இறுக மூடினர். ஒரு வீட்டுச் சச்சரவு பத்து வீட்டுக்கும் கேட்டது. இவற்றைவிடக் கொடியது தீ. கீழ்த்தளத்தில் பற்றிய நெருப்புக்குக் காற்றுக்கிணறு ஒரு புகைபோக்கியாக மாறி, தழலை ஒவ்வொரு தளத்துச் சன்னலுக்கும் கொண்டு சேர்த்தது. உயிர்காக்க வைத்த சன்னல் உயிர் குடிக்கும் வாயிலாயிற்று.

இந்த இருட்டை வெளியுலகுக்குக் காட்டியவர் ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கில் பிறந்து 1870இல் அமெரிக்கா வந்து, போலீஸ் செய்திகளை எழுதும் நிருபரானவர். இருட்டறைகளைச் சாதாரணக் காமிராவால் படம் பிடிக்க முடியாது. 1887இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த மின்னொளித் தூள் கண்டுபிடிக்கப்பட்டதைப் பத்திரிகையில் படித்ததும், அவர் அதைக் கைக்கொண்டார். ஒருமுறை படம் எடுக்கும்போது அத்தூளால் அறையே தீப்பற்றிக்கொண்டது, ஒருவாறு அணைத்துவிட்டார். அந்த வீடு எரிய முடியாத அளவுக்கு அழுக்கு என்று ஒரு போலீஸ்காரர் கேலி செய்ததாக ரீஸே எழுதியிருக்கிறார். 1890இல் வெளிவந்த அவருடைய நூல் நகரை உலுக்கியது.

அதற்குள் அறிவியலும் முன்னேறியிருந்தது. 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும் என்பதை நாம் இப்போது அறிவோம். நேரடி வெயில் அக்கிருமியைக் கொல்லும். எனவே சன்னலில்லாத அறையில் ஒரு நோயாளியோடு படுத்திருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இனி 'கெட்ட காற்று' என்ற பழைய நம்பிக்கை தேவைப்படவில்லை.

1900 பிப்ரவரியில் லாரன்ஸ் வெய்லர் என்ற இளைஞர் கண்காட்சி ஒன்றை நடத்தினார். பேச்சைவிட எண்ணிக்கையை நம்பியவர் அவர். நகரின் வரைபடங்களில் காசநோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைத்தார். நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட ஒரு தொகுதியை அட்டையில் அப்படியே செய்து வைத்தார். அதில் 39 வாடகைக் கட்டடங்கள், 605 குடித்தனங்கள், 2,781 பேர். அவர்களுக்கு 264 கழிப்பிடங்கள். வெந்நீர்க் குழாய் இருந்தது 40 வீடுகளில். வெளிக்காற்றே இல்லாத இருட்டறைகள் 441. காற்றுக்கிணற்றை மட்டுமே நம்பியவை 635. ஐந்தாண்டுகளில் பதிவான காசநோயாளிகள் 32 பேர். இரண்டு வாரங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தனர். அப்போது மாநில ஆளுநராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணைக்குழு அமைய ஆதரவளித்தார். அதன் பயனாக 1901 ஏப்ரலில் புதிய சட்டம் பிறந்தது.

முந்தைய சட்டங்களிலிருந்து இது எங்கே வேறுபட்டது? சன்னல் உண்டா என்று மட்டும் இது கேட்கவில்லை. அது எதில் திறக்கிறது, அந்த இடம் எவ்வளவு அகலம் என்றும் கேட்டது. கட்டடம் உயர உயர முற்றமும் அகல வேண்டும். காற்றுக்கிணறு ஒழிந்தது. புதிய கட்டடத்தில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிக் கழிப்பறை கட்டாயமாயிற்று. என் கருத்தில், இவற்றைவிட முக்கியமானது வேறொன்று. சட்டத்தை நிறைவேற்றவென்றே தனித் துறை ஒன்று ஏற்பட்டது. அதன் ஆய்வாளர்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தார்கள். வீட்டுக்காரரிடம் வாய் திறக்க அஞ்சிய குடித்தனக்காரர் முறையிட ஓர் இடம் கிடைத்தது.

பழைய கட்டடங்களை என்ன செய்வது? நகரில் வாடகைக் கட்டடங்கள் 80,000க்கு மேல். அவற்றில் வாழ்ந்தவர்கள் 23 இலட்சம் பேருக்கு மேல். இடித்துத் தள்ள முடியாது. வெளியே திறக்க வழியில்லாத இருட்டறைகள் மட்டும் மூன்றரை இலட்சம் இருந்தன. அவற்றுக்கு ஒரு சமரசம் கண்டார்கள். வெளிச்சமுள்ள பக்கத்து அறையை நோக்கிச் சுவரை வெட்டி, 15 சதுர அடிக்குக் குறையாத சன்னல் வைக்க வேண்டும். தெருப்பக்க அறையின் வெளிச்சத்தில் கொஞ்சம் உள்ளே கசியும். காற்றும் சற்று அசையும். அருங்காட்சியகத்தில் நாம் கண்ட சன்னல் இவ்வகையைச் சேர்ந்ததுதான்.

கொல்லைக் கழிப்பிடங்களை அகற்றி, கட்டடத்துக்குள் நீர்க் கழிப்பறை கட்ட வேண்டும் என்ற விதியை வீட்டுக்காரர் பலர் எதிர்த்தனர். தம் செலவில் செய்யச் சொல்வது சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்று ஓர் உரிமையாளர் தொடுத்த வழக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1906இல் சட்டமே வென்றது. ஆர்ச்சர்டு தெரு வீட்டிலும் 1905 வாக்கில் தளத்துக்கு இரண்டு கழிப்பறைகள் வந்துவிட்டன.

ஆனால் சீர்திருத்தத்தின் செலவை இறுதியில் யார் தாங்கியது? 1929இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. தீத்தடுப்புக்காக மரப்படிகளையும் நடைவழிகளையும் மாற்றியாக வேண்டும். பொருளாதார மந்தக் காலம். செலவழிப்பதைவிடப் பூட்டுவது மேல் என்று எண்ணிய உரிமையாளர் 1935இல் குடித்தனக்காரர்களை வெளியேற்றினார். தரைத்தளத்துக் கடைகள் மட்டும் நடந்தன. மேல்தளங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தன. 1988இல் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடி வந்தவர்கள் கதவைத் திறந்தபோது, சுவரில் ஒட்டிய வண்ணத்தாள்கள் அப்படியே இருந்தன. ஏழாயிரம் பேர் வரை வாழ்ந்து போன அந்த அறைகளுக்கு இடையில், அந்த உட்சன்னல்களும் இருந்தன.