கடைசலும் உளியின் கூரும்

மத்தைக் கயிற்றால் முன்னும் பின்னும் இழுத்துத் தயிரைக் கலக்குவதையும், சுழலும் மரத்தில் உளியிட்டு உருக்கொடுப்பதையும் நம் முன்னோர் 'கடைதல்' என்னும் ஒரே சொல்லால் வழங்கினர். இச்சொல்லே ஒரு சரித்திரச் சான்றென்பது என் துணிபு. கடைசற்பட்டடை பண்டு கயிற்றால் இயங்கியதே. எகிப்து தேசத்தில் பெதோசிரிஸ் என்பானது கல்லறையில், கி.மு. 300-ஐ ஒட்டிய புடைப்புச் சித்திரமொன்றில், ஒருவன் கயிறு இழுக்க மற்றொருவன் உளி பிடிக்கக் காண்கிறோம்.

கயிற்றுப் பட்டடையில் மரம் ஒருமுறை உளிக்கு எதிராகவும், மறுமுறை விலகியும் சுழலும். எதிர்வரும்போது மட்டுமே வெட்டு விழும். திரும்புங்கால் உளியைச் சற்றே பின்வாங்கல் வேண்டும். இங்கிலாந்தில் பக்கிள்பரி என்னுமிடத்தில் ஜார்ஜ் லெய்லி என்பவர், மிதியும் வளைகழியும் கொண்ட இத்தகைய பட்டடையில், கொக்கிபோல் வளைந்த உளிகளால் ஒரே கட்டையினின்று ஒன்றனுள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் கடைந்தெடுத்தார். 1958-இல் அவர் காலமானார். பட்டடை அருங்காட்சியகம் புகுந்தது. அவரிடம் தொழில் கற்ற பிள்ளை ஒருவனுமில்லை. உளி மிஞ்சிற்று, அதைத் தீட்டிய கை மிஞ்சவில்லை.

சக்கரமும் மின்மோட்டாரும் வந்தபின் மரம் இடையறாது ஒரே திசையில் சுழலலாயிற்று. கட்டையை உருட்டையாக்க அகன்ற குழியுளி, வழவழப்பாக்க வாய் சாய்ந்த தட்டையுளி, துண்டிக்க ஒடுங்கிய அறுப்புளி, இறுதியில் சுரண்டுளி என இவை இன்று வழங்குவன. அகன்ற குழியுளியைக் கிண்ணம் குடைய எடுத்தலாகாது. அதன் மெல்லிய காம்பு ஒடிந்து முகத்தில் பாயும். வெட்டும் உளியெதற்கும் முதலில் சாணைச்சரிவு மரத்தைத் தடவ வேண்டும். பின்பே கைப்பிடியை மெல்ல உயர்த்தக் கூர் பற்றும். சுரண்டுளியோ இதற்கு மாறாக, முனை தாழ்ந்து நிற்றல் வேண்டும். சாணையில் அதன் விளிம்பில் எழும் நுண்ணிய பிசிறே வெட்டுவது. அதைத் தேய்த்தெடுப்பவன் கூரையே எடுத்தவனாவான்.

பழைய கரியெஃகு உளியின் முனை சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று; ஆகவே அடிக்கடி நீரில் தோய்ப்பர். 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் டெய்லர், வொயிட் இருவரும் கண்ட பதமுறையின் வழிவந்த அதிவேக எஃகு அச்சூட்டைத் தாங்கும். காய்ந்த நிலையில் அதை நீரில் அமிழ்த்தினால் முனையில் நுண்விரிசல் காணும். பழைய வழக்கத்தை இங்கே கைக்கொள்ளும் நம்மவர் பலர் நல்ல உளியைக் கெடுக்கின்றனர். சாணை பிடிக்கும் பொழுதை வேலையெனக் கூலிக்கு எண்ணாதாரும் உளர். அவர் கடைசலை அறியார்.

பச்சை மரத்தில் உளியிட்டுப் பார்க்க. சீவல் சுருள் சுருளாய் நீண்டு விழுமாயின் கூர் உண்டு. தூளாய் உதிருமாயின், பட்டடையை நிறுத்திச் சாணைக்குச் செல்க.