புனிதரின் பெயரில் ஒரு வங்கி

இத்தாலியின் மிலான் நகரில் 1896ஆம் ஆண்டு ஒரு வங்கி தோன்றியது. அதனை நிறுவியவர் ஜுசெப்பே தொவீனி என்னும் வழக்கறிஞர். இறைப்பற்று மிக்க பொதுநிலையினரான இவர் 1998இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். திருச்சபைக்கும் புதிதாக உருவாகியிருந்த இத்தாலிய அரசுக்கும் இடையே கடும் பிணக்கு நிலவிய காலம் அது. கத்தோலிக்கக் குடும்பங்களின் சேமிப்புக்கும் அறப்பணி நிறுவனங்களின் நிதிக்கும் நம்பகமான ஓர் இடம் வேண்டும் என்று தொவீனி எண்ணினார். மிலானின் பேராயராக விளங்கிய புனித அம்புரோசியாரின் பெயரையே வங்கிக்குச் சூட்டினார். பாங்கோ அம்புரோசியானோ என்பது அதன் பெயர். பங்குதாரராக விரும்புவோர் திருமுழுக்குச் சான்றிதழ் காட்டவேண்டும் என்பது அதன் பழைய விதிகளுள் ஒன்று.

அந்த வங்கி 1982இல், ஏறத்தாழ 130 கோடி டாலர் கடன் பள்ளத்தில் வீழ்ந்து மறைந்தது. புனிதரின் பெயரையும் திருமுழுக்குச் சான்றிதழையும் அடித்தளமாகக் கொண்ட ஒரு நிறுவனம் எவ்வாறு அந்நிலையை அடைந்தது? இக்கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். திருச்சபையின் குறைகளைப் பேசுவது திருச்சபையைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று எண்ணும் நல்ல உள்ளங்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் மூடிவைத்த புண் ஆறுவதில்லை என்பதற்கு இவ்வரலாறே சான்று.

ரொபெர்த்தோ கால்வி அவ்வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1975இல் அதன் தலைவரானவர். அவர் கையாண்ட முறையைச் சுருங்கக் கூறலாம். லக்சம்பர்க்கிலும் பகாமாஸ் தீவுகளின் நாசோவிலும், பின்னர் நிக்கராகுவாவிலும் பெருவிலும் துணை நிறுவனங்களை அமைத்தார். அயல்நாட்டு வங்கிகள் அம்புரோசியானோவின் பெயரை நம்பி இவற்றுக்குக் கடன் அளித்தன. இவையோ அப்பணத்தைப் பனாமா போன்ற நாடுகளில் காகிதத்தில் மட்டுமே வாழ்ந்த சில நிறுவனங்களுக்குக் கைமாற்றின. அந்தப் பொம்மை நிறுவனங்கள் அப்பணத்தின் பெரும்பகுதியைக் கொண்டு அம்புரோசியானோவின் பங்குகளையே வாங்கிக் குவித்தன. வங்கி தன்னைத்தானே விலைக்கு வாங்கியது. அதன் கட்டுப்பாடு கால்வியின் கையில் நிலைத்தது. கடன் டாலரில், பங்கின் மதிப்போ லிராவில். எனவே 1980க்குப் பின் டாலரின் மதிப்பும் வட்டி விகிதமும் ஏற ஏற, கடன் சுமையும் மலைபோல் வளர்ந்தது.

இவ்வகை மோசடி இரண்டு திரைகளுக்குப் பின்னால் வாழ்கிறது. முதல் திரை எல்லைக்கோடு. ஒரு நாட்டின் தணிக்கையாளர் அடுத்த நாட்டின் கணக்கேட்டைத் திறந்து பார்க்க இயலாது. இரண்டாம் திரை மரியாதை. இவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு புனிதமான பெயர். இவர்களிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்னும் தயக்கம் அது. இரண்டாவது திரையே கிழிப்பதற்கு அரியது.

அத்திரைகளைக் கிழிக்க முயன்றவர்களும் இருந்தனர். 1978இல் இத்தாலிய மைய வங்கியின் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் அம்புரோசியானோவின் ஏடுகளைப் புரட்டி, ஏறக்குறைய 500 பக்க அறிக்கை ஒன்றைத் தந்தனர். அயல்நாட்டுத் துணை நிறுவனங்களின் கணக்குகள் ஒளிபுகாதவை என்றும், சட்டத்திற்கு மாறாகப் பணம் வெளியேறியுள்ளது என்றும் அவர்கள் கண்டனர். அவ்வறிக்கை மிலானில் எமிலியோ அலெசாந்திரீனி என்ற நீதித்துறை விசாரணையாளரின் மேசைக்குச் சென்றது. 1979 ஜனவரி 29 அன்று அவர் ஓர் இடதுசாரித் தீவிரவாதக் குழுவால் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மைய வங்கியின் ஆளுநர் பாவுலோ பாஃபி மீது குற்றம் சாட்டப்பட்டது. மேற்பார்வைக்குப் பொறுப்பான மாரியோ சார்சினெல்லி சிறையில் அடைக்கப்பட்டார். இருவரும் மாசற்றவர்கள் என்று 1981இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் அதற்குள் காலம் கடந்திருந்தது. பாஃபி பதவி துறந்திருந்தார்.

இக்காலத்து மனிதருள் நாம் மறக்கலாகாத ஒருவர் ஜார்ஜோ அம்புரோசோலி. மிலானில் வாழ்ந்த வழக்கறிஞர். மூன்று பிள்ளைகளின் தந்தை. மிக்கேலே சிந்தோனா என்ற சிசிலி நாட்டு நிதியாளரின் வங்கி 1974இல் நொடித்தபோது, அதன் சொத்துகளைக் கணக்கிட்டுக் கடன்களைத் தீர்க்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தச் சிந்தோனா வத்திக்கான் தன் பங்குகள் சிலவற்றை விற்றபோது அதற்குத் துணைநின்றவர், கால்விக்கும் நெருக்கமானவர். அம்புரோசோலி ஐந்து ஆண்டுகள், நிதிக் காவல்துறை அலுவலர் ஒருவரின் துணையோடு, ஆவணம் ஆவணமாகத் தேடிப் பணம் சென்ற வழியைக் கண்டறிந்தார். வங்கியை அரசின் பணத்தால் மீட்டுவிட ஒப்புக்கொள்ளுமாறு அவரிடம் நயந்து பேசினர். பின்னர் தொலைபேசியில் மிரட்டினர். அவர் இணங்கவில்லை. இப்பணிக்குப் பெரிய விலை கொடுக்க நேரும் என்பதையும், அதற்காகத் தாம் வருந்தவில்லை என்பதையும் 1975லேயே மனைவிக்கு ஒரு மடலில் எழுதி வைத்திருந்தார். 1979 ஜூலை 11 இரவு, அமெரிக்க நீதித்துறைக்குச் சாட்சியம் அளித்துக்கொண்டிருந்த நாள்களில், கூலிக்கு அமர்த்தப்பட்டவன் ஒருவன் வீட்டு வாயிலில் அவரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 45. அவரது அடக்கச் சடங்கில் மைய வங்கியினர் சிலர் பங்கேற்றனர். அரசின் சார்பில் எவரும் வரவில்லை. கொலையை ஏவியவர் சிந்தோனாவே என்று 1986 மார்ச்சில் நீதிமன்றம் உறுதிசெய்து ஆயுள் தண்டனை விதித்தது. சில நாள்களில், சிறையில் நஞ்சு கலந்த காப்பியைக் குடித்து அவர் இறந்தார்.

கால்வியின் முடிவும் தொலைவில் இல்லை. அந்நியச் செலாவணிக் குற்றத்திற்காக 1981 ஜூலையில் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருக்க வெளிவந்தவர், மீண்டும் அதே தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்! அயல்நாட்டுக் கடன்காரர்கள் நெருக்கியபோது அவர் வத்திக்கானின் நிதி நிறுவனத்தை நாடினார். அதன் பெயர் சமயப் பணிகளுக்கான நிறுவனம்; 1942இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அமைத்தது. அதன் தலைவராயிருந்த பேராயர் பால் மார்சிங்குஸ், அம்புரோசியானோவின் நாசோ கிளையின் இயக்குநர் குழுவிலும் இடம்பெற்றிருந்தார். 1981 செப்டம்பரில் அந்நிறுவனம் அந்தப் பொம்மை நிறுவனங்கள் தன் கட்டுப்பாட்டில் உள்ளவை என்று உறுதிக் கடிதங்கள் வழங்கியது. அக்கடிதங்களால் அதற்கு எந்தப் பொறுப்பும் வாராது என்று கால்வி மறைவாக மற்றொரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடன்காரர்களுக்கு ஒரு முகம், உள்ளறையில் மற்றொரு முகம். 1982 ஜூன் 18 அன்று இலண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தின் கீழ், சட்டைப் பைகளில் செங்கற்களோடு கால்வியின் உடல் தொங்கக் காணப்பட்டது. தற்கொலை என்றது முதல் விசாரணை. கொலை என்றனர் பிற்கால ஆய்வாளர்கள். குற்றம் சாட்டப்பட்ட ஐவரும் 2007இல் உரோமையில் விடுதலையாயினர்.

1984இல் வத்திக்கான் நிறுவனம், சட்டப்படி தனக்குப் பொறுப்பில்லை என்று கூறிக்கொண்டே, நன்னெறி சார்ந்த ஈடுபாட்டை ஏற்றுக் கடன்காரர்களுக்கு 20 கோடி டாலருக்கும் மேலான தொகையை வழங்கியது. மார்சிங்குசைக் கைதுசெய்ய 1987இல் பிறந்த ஆணையை இத்தாலியின் உச்ச நீதிமன்றம் லாத்தரன் உடன்படிக்கையைக் காட்டி நீக்கியது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை; நாமும் தீர்க்கவேண்டியதில்லை. ஆயினும் கொடுத்த கடிதம் கொடுத்ததே. அது எவ்வளவு பேரை நம்பவைத்தது என்பதும் வரலாற்றில் பதிந்துவிட்டது.

இவ்வீழ்ச்சியிலிருந்து உலகம் சிலவற்றைக் கற்றது. அயல்நாட்டுக் கிளைகளையும் சேர்த்து வங்கி முழுவதையும் யார் மேற்பார்வையிடுவது என்ற விதியை 1983இல் பாசல் நகரில் கூடிய மைய வங்கிகளின் குழு திருத்தி அமைத்தது. பணச் சலவையைத் தடுக்கும் பன்னாட்டுக் குழு 1989இல் பாரிசில் உருவாயிற்று. திருச்சபை கற்றுக்கொள்ளக் கூடுதல் காலம் ஆயிற்று. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 டிசம்பர் 30 அன்று வத்திக்கானுக்கென நிதிக் கண்காணிப்பு ஆணையம் ஒன்றை ஏற்படுத்தினார். சமயப் பணிகளுக்கான நிறுவனம் தன் ஆண்டறிக்கையை முதன்முதலாக வெளியிட்டது 2013இல். திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் பொருளாதாரச் செயலகத்தை அமைத்தார்.

ஆனால் இப்படிப்பினை நமக்குப் புதியதா? அரசர்கள் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கோவிலைப் பழுதுபார்க்க மக்கள் தந்த பணம் குருக்களிடம் போகிறது. ஆண்டுகள் கடந்தும் பழுது பழுதாகவே கிடக்கிறது. அதன்பின் மூடியில் துளையிட்ட ஒரு பெட்டி பீடத்தருகே வைக்கப்படுகிறது. அது நிறையும்போது அரசரின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்தே பணத்தை எண்ணுகின்றனர். எண்ணும் கைகள் இரண்டு தரப்பைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைத் திருத்தூதர் பவுலும் தனியே சுமக்கவில்லை. தீத்துவையும் சபைகள் தேர்ந்தெடுத்த துணைவரையும் அனுப்புகிறார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் தம் நடத்தை நேர்மையாய் விளங்கவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் கூறுகிறார். பவுலைவிடத் தூயவர் என்று தம்மைக் கருதிக் கணக்குக் காட்ட மறுப்பவர் எவர்?

புனித அம்புரோசியாரும் இதற்கு விலக்கல்லர். போரில் சிறைப்பட்டோரை மீட்கத் திருக்கலங்களை உருக்கிய அவர், எதிரிகள் குறை கூறியபோது, தாம் செய்ததையும் செய்ததன் காரணத்தையும் எழுத்தில் வெளிப்படையாக விளக்கினார். அவர் பெயரைச் சூட்டிய வங்கி, அவர் பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது.

கால்வியின் வங்கி வீழ்ந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டி, 1983 ஜனவரியில் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்று 537ஆம் சட்டத்திலும், இறைமக்கள் அளித்த காணிக்கைக்கு இறைமக்களுக்கே கணக்குக் காட்டவேண்டும் என்று 1287ஆம் சட்டத்திலும் விதிக்கிறது. ஆகவே, நிதிக்குழுவில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்பது பங்குத்தந்தையை அவமதிப்பதாகாது. கேட்கப்படும் குருவும் முகம் சுளிக்கலாகாது. கேள்வி அவரையும் காக்கிறது. நம்மிடம் கணக்குக் கேட்பவருக்கு மிலானின் அம்புரோசோலி கொடுத்த விலையைக் கொடுக்கவேண்டிய நிலை இல்லை. ஒருநாள் கசப்பு, ஓர் உறவில் சற்று விரிசல்; பெரும்பாலும் இவ்வளவே. இந்தச் சிறு விலையைக் கொடுக்க ஆளில்லாத இடத்தில்தான் பிறகு பெரிய விலை கொடுக்க நேர்கிறது. அதைக் கொடுப்பவரும் பெரும்பாலும் தவறு செய்தவராய் இருப்பதில்லை.