சந்தி பிரித்த பதிப்பும் புள்ளியிட்ட முஸ்ஹஃபும்

சென்னையில் மர்ரே என்னும் ஏலக் கம்பெனியை நடத்திய எஸ். ராஜம் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். பழந்தமிழ் நூல்களில் தீராத ஈடுபாடு கொண்ட வணிகர். வையாபுரிப் பிள்ளை முதலிய அறிஞர்களின் துணையுடன் 1950களில் சங்க நூல்களையும் கம்பராமாயணத்தையும் சந்தி பிரித்துக் குறைந்த விலையில் வெளியிட்டார். நூலைத் திறந்த பொதுவாசகனுக்குச் சொல் இன்னதென்று உடனே விளங்க வேண்டும் என்பதே அம்முறையின் நோக்கம். சந்தியைப் பிரித்தால் யாப்புச் சிதையுமே என்ற தடை எழுவது இயல்பு. சீர் கெடும் இடங்கள் உண்டுதான்.

இத்தகைய வழக்கு நம் முன்னோரிடமும் வந்திருக்கிறது. திருக்குர்ஆன் பிரதிகளில் உயிரொலிகளைக் காட்டப் புள்ளியிடும் முறையை அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு: ஹிஜ்ரி 69) தொடங்கினார் என்பர். ஓதுவோர் பிழை செய்ததே அதற்குக் காரணம் என்றும் கூறுவர். பின்வந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், சிறுவர் பயிலும் பிரதிகளில் புள்ளியிட இசைந்தார்கள். மூலப் பிரதிகளில் இசையவில்லை.

சீறாப்புராணத்தின் 5027 பாடல்களுக்கும் இந்த இரட்டை முறையே பொருந்தும் என்பது நம் கருத்து. அரபுச் சொல் தமிழ்ச் சந்தியில் கலந்து உருமாறும் இடங்களில்தான் நம் மாணவர்கள் திணறுகின்றனர். பிரித்த பாடம் அருகில் இருந்தால் அவர்களுக்குப் பாதி உரை தேவைப்படாது.